ஆங்கில நெடுஞ்சொற்களின் அசையும் அழுத்தமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைக் கண்ணாற் கற்றல் வேறு. காதாற் கற்றல் வேறு. ஆங்கிலத்தை ஏட்டின் வழியாகக் கற்கும் மாணவர் இவ்வேறுபாட்டினை நாடோறும் உணர்வர். நெடியதோர் ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றி எழுதவும் அதன் பொருளை விளக்கவும் வல்ல ஒருவர், அதே சொல்லை அவையின்கண் ஒலிக்க நேருங்காற் தயங்கி நிற்றல் உண்டு. அச்சொல்லில் எத்தனை அசைகள் உள? அவற்றுள் எவ்வசை எடுத்தொலிக்கப்படும்? இவ்விரு வினாக்களுக்கும் எழுத்து நேரே விடை தருவதில்லை. ஆங்கிலத்தில் நான்கே எழுத்துக்களால் எழுதப்படும் 'ஐடியா' என்னுஞ் சொல் மூன்று அசைகளை உடையது. ஒன்பது எழுத்துக்களால் எழுதப்படும் 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்னுஞ் சொல்லோ ஓரசையே உடையது.

இதனைக் கண்டு, ஆங்கில உச்சரிப்புக்கு விதி என்பதொன்று இல்லை என்றும், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நெட்டுருச் செய்வதன்றி வேறு வழியில்லை என்றும் கூறுவாருளர். இக்கூற்று முற்றிலும் பொருந்துவதன்று. எழுத்தில் வெளிப்படாத அவ்விதி அம்மொழியின் வரலாற்றில் உறைகின்றது. ஆங்கிலம் மூவேறு காலங்களில் மூவேறு ஊற்றுக்களிலிருந்து சொற்களைப் பெற்றது. அவ்வூற்றுக்கள் ஒவ்வொன்றும் தன் அழுத்த முறையையும் உடன்கொணர்ந்தது. அம்முறைகளின் சுவடு இன்றும் சொல்லின் ஈற்றில் நின்று, அழுத்தம் எவ்விடத்து வீழும் என்பதனை அறிவிக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், அசை என்னுஞ் சொல் ஈண்டு வழங்கப்படும் பொருளைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். தமிழ் யாப்பில் அசை நேர், நிரை என இருவகைப்படும். 'மலர்' என்பது யாப்பருங்கலக் காரிகையின் முறைப்படி நிரையசை ஒன்றேயாம். ஆங்கில இலக்கணத்தார் கணக்கின்படியோ அஃது இரண்டு கூறுகளை உடையது. ஏனெனின், அவர்கள் உயிரொலி ஒவ்வொன்றையும் நடுவாகக் கொண்டு ஒரு கூறாக எண்ணுவர். ஓருயிரும், அதனைச் சூழ்ந்து அதனோடு ஒருங்கே ஒலிக்கும் மெய்களும் சேர்ந்ததே அவர் கொள்ளும் அசை. இக்கட்டுரையில் அசை என்பது இப்பொருளிலேயே வருகின்றது. அழுத்தம் என்பது, ஒரு சொல்லின் அசைகளுள் ஒன்றனை ஏனையவற்றினும் மிக்க விசையோடும், பெரும்பாலும் உயர்ந்த தொனியோடும் நீட்சியோடும் ஒலித்தல். தமிழிலே அழுத்தம் மாறுவதாற் சொற்பொருள் மாறுவதில்லை. குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் ஒலித்தலே தமிழுக்குச் சிறப்பு. ஆங்கிலத்திலோ அழுத்தம் பெற்ற அசை தன் உயிரொலியை நிறைவாகப் பெறும். அழுத்தம் இழந்த அசையின் உயிர் பெரும்பாலும் மழுங்கித் தெளிவற்ற ஓரொலியாகிவிடும். ஆதலின் எல்லா அசைகளையும் ஒருநிகராக ஒலிக்கும் தமிழ் மாணவரின் ஆங்கிலம், எழுத்தளவிற் பிழையற்றதாயினும், ஆங்கிலேயர் செவிக்கு எளிதிற் புலனாவதில்லை.

ஆங்கிலத்தின் தொன்மையான படிவு ஜெர்மானியக் கிளையைச் சார்ந்தது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு முதலாகப் பிரித்தானியத் தீவிற் குடியேறிய அங்கிலர், சக்சனியர் முதலியோரின் மொழியில் அழுத்தம் சொல்லின் வேர்ப்பகுதியின் முதலசையில் நிலைபெற்றிருந்தது. விகுதிகள் எத்துணை சேரினும் அழுத்தம் வேரைவிட்டு அசையாது. வினைச்சொற்களின் முன்னே சேரும் முன்னொட்டுக்கள் அழுத்தம் பெறா. பெயர்ச்சொற்களின் முன்னொட்டுக்களோ பெரும்பாலும் அழுத்தம் பெற்றன. 'ஃபர்-கிவ்', 'பி-லீவ்' ஆகிய வினைகளில் இன்றும் இரண்டாம் அசையே அழுத்தம் பெறுதல் அப்பழைய வழக்கின் எச்சமாகும்.

1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கலாயிற்று. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளிற் பிரெஞ்சுச் சொற்கள் பெருந்தொகையாக ஆங்கிலத்துட் புகுந்தன. பிரெஞ்சு மொழியின் இயல்பு சொல்லின் கடைப்பகுதியை எடுத்தொலித்தல். ஆங்கிலத்தின் இயல்போ முதற்பகுதியை எடுத்தொலித்தல். இவ்விரண்டும் ஒரே சொல்லில் மோதின. 1400இல் மறைந்த புலவர் சோசர் தம் செய்யுட்களில் 'நேச்சர்', 'வெர்ச்சூ', 'ஒனர்' முதலாய சொற்களின் மூலவடிவங்களை ஓரிடத்து முதலசை அழுத்தத்தோடும், பிறிதோரிடத்து ஈற்றசை அழுத்தத்தோடும் சந்தத்திற்கேற்ப ஆண்டுள்ளார். ஒரு சொல் இருவகையாக ஒலித்தல் அக்காலத்தில் இழுக்காகக் கருதப்படவில்லை. காலப்போக்கில் அன்றாட வழக்கிற் கலந்த பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கில முறைக்கு அடங்கி முதலசையில் அழுத்தம் பெற்றன.

மூன்றாவது படிவு மறுமலர்ச்சிக் காலத்தது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அறிஞர்கள் இலத்தீன், கிரேக்கச் சொற்களை நேரே எடுத்தாண்டனர். இன்று மாணவரை மருட்டும் நெடுஞ்சொற்களுட் பெரும்பாலன இவ்வழி வந்தனவே. இலத்தீனின் அழுத்த விதி தெளிவும் செறிவும் உடையது. மூன்றும் அதற்கு மேலும் அசைகளையுடைய சொல்லில் ஈற்றயலசையை நோக்குதல் வேண்டும். அது நெடிலாயினும், ஒற்றடுத்த குறிலாயினும், அழுத்தம் அதன்மேல் வீழும். அது தனிக்குறிலாயின், அழுத்தம் அதற்கு முந்திய அசைக்குச் செல்லும். 'அ-ஜென்-டா', 'மெ-மென்-டோ' ஆகியவற்றில் ஈற்றயலசை ஒற்றடுத்தது. ஆதலின் ஆண்டே அழுத்தம். 'ஹொ-றை-சன்' என்பதில் அது நீண்டொலிப்பது, ஆண்டும் அஃதே. 'அ-மெ-றி-கா', 'மி-னி-மம்' ஆகியவற்றில் ஈற்றயலசை குறில்; ஆதலின் அழுத்தம் ஓரசை முன்னே சென்றது. குறில், நெடில், ஒற்று என்னும் மூன்றையும் அளவாகக் கொண்டு அசை பிரிக்கப் பழகிய தமிழ் மாணவருக்கு இவ்விதி அந்நியமானதன்று. தனிக்குறிலும் நெடிலும் தமிழ் யாப்பில் நேரசையாக ஒருங்கெண்ணப்படும். இலத்தீனில் அவை வேறுபடும். இஃதொன்றே மனங்கொள்ள வேண்டிய வேற்றுமை.

இம்மூன்று படிவுகளும் ஆங்கிலச் சொல்லின் விகுதிகளில் இன்றும் தனித்தனியே இனங்காணத்தக்கன. பழைய ஆங்கிலத்திற்கே உரிய 'நெஸ்', 'லெஸ்', 'ஃபுல்', 'லி', 'ஹூட்', 'ஷிப்' முதலிய விகுதிகள் எத்தனை சேரினும் சொல்லின் அழுத்தம் பெயர்வதில்லை. இலத்தீன், கிரேக்க வழி வந்த 'இக்', 'இட்டி', 'ஷன்', 'இயன்', 'லொஜி', 'க்ரஃபி' முதலியன அழுத்தத்தைத் தமக்கு அண்மையில் இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக வந்து தம் அயன்மையை இழவாத 'ஈ', 'இயர்', 'எட்', 'எஸ்க்' முதலியன அழுத்தத்தைத் தாமே ஏற்கும். 'எம்-ப்ளோ-யீ', 'என்-ஜி-னியர்', 'சி-க-றெட்', 'பிக்-ச-றெஸ்க்' என்பவற்றில் ஈற்றசையே ஓங்கி ஒலித்தல் இதனாலாயது. வேரிலே நிலைபெறுவது, ஈற்றின் அருகே நகர்வது, ஈற்றிலேயே தங்குவது என அழுத்தம் மூவகைப்படுதல், அம்மொழியின் மூன்று ஊற்றுக்களோடு பெரிதும் ஒத்துச் செல்கின்றது.

ஒரே அடிச்சொல்லில் இருவேறு விகுதிகள் சேருங்கால் இவ்வுண்மை விளக்கமுறும். 'க்யூ-ரி-யஸ்' என்பதன் அழுத்தம் முதலசையிலுள்ளது. ஆங்கில விகுதி சேர்ந்த 'க்யூ-ரி-யஸ்-னெஸ்' என்பதிலும் அது முதலசையிலேயே நிற்கின்றது. இலத்தீன் வழி விகுதி சேர்ந்த 'க்யூ-ரி-யொ-சி-டி' என்பதிலோ அது மூன்றாம் அசைக்குப் பெயர்ந்துவிடுகின்றது. இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளன. எனினும் பிறப்பால் வேறுபட்டன. 'இக்' என்று முடியும் சொற்களில் அழுத்தம் அதற்கு முந்திய அசையில் வீழ்தல் பொதுவிதி. அவ்விதிக்கு மாறாக 'ஹெ-றெ-டிக்', 'லூ-ன-டிக்', 'கத்-த-லிக்' முதலிய சிலவற்றில் முதலசை அழுத்தம் பெறும். இவை மறுமலர்ச்சிக்கு முன்னரே பிரெஞ்சு வழியாக வந்து, ஆங்கில முறைக்கு அடங்கிவிட்ட பழஞ்சொற்கள். விதிவிலக்கு எனப்படுவதற்கும் வரலாற்றிற் காரணம் உளது என்பது இதனாற் பெறப்படும்.

அழுத்தத்தின் வேறுபாடு சொல்வகையை வேறுபடுத்தவும் பயன்படலாயிற்று. 1570ஆம் ஆண்டிற் பீற்றர் லெவின்ஸ் என்பார், சொற்களை முதலெழுத்தால் அன்றி ஈற்றொலியால் வரிசைப்படுத்தி ஓர் ஆங்கில-இலத்தீன் அகராதி வெளியிட்டார். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி சொற்களை எதுகை நோக்கி அடுக்கியதனை அறிந்த தமிழர்க்கு இம்முறை வியப்பளியாது. லெவின்ஸ் அகராதியில் அழுத்தக் குறிகளும் உள. பெயராங்கால் முதலசையிலும் வினையாங்கால் ஈற்றசையிலும் அழுத்தம் பெறும் ஈரசைச் சொற்கள் அதன்கண் 'றெபெல்', 'றெக்கோட்', 'அவுட்லோ' என மூன்றே காணப்படுகின்றன என்பர். இச்சொல்லிணைகளின் தொகையை 1975இல் ஆராய்ந்து வெளியிட்ட டொனால்ட் ஷெர்மன், அது 1660இல் 24 ஆகவும், 1800இல் 70 ஆகவும், 1934இல் 150 ஆகவும் பெருகியதைக் காட்டினார். எவரும் ஆணையிடாமலே மக்கள் வழக்கில் ஒரு விதி தோன்றி, சொல்லுக்குச் சொல் பரவி வந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

அழுத்தத்தின் வரலாறு இவ்வாறாக, அசை பிரித்தலின் வரலாறோ அச்சுக்கூடத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் பிணைந்தது. ஏறத்தாழ 1455இல் கூற்றன்பேர்க்கு அச்சிட்ட விவிலியத்தில் வரிகளின் ஓரம் நேராக அமைதற்பொருட்டுச் சொற்கள் இடையே பிரிக்கப்பட்டு, வரியிறுதியில் இரட்டைச் சிறுகோடுகள் இடப்பட்டன. 1476இல் வில்லியம் கக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுத்தொழிலைத் தொடங்கிய பின்னர் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தலும் தேவையாயிற்று. எழுத்துக் கோப்பவர்க்கு வேண்டியது செவியின்பமன்று, வரியின் அளவு. எனினும் பிரித்த சொல்லைப் படிப்போர் இடர்ப்படாதிருத்தல் வேண்டும். ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்திற் பணிபுரிந்த ஹொறஸ் ஹார்ட் 1893இல் அச்சகத்தார்க்கென வகுத்த விதிநூலின் பிற்பதிப்புக்கள் பலவற்றைக் கடந்தும், சொற்பிரிப்பு அச்சுக்கலையின் தனிப்பகுதியாகவே நிலவியது.

பள்ளிக்கூடத்திலோ அசை பிரித்தல் எழுத்துக்கூட்டி வாசிக்கும் முறையின் அடிப்படையாக இருந்தது. 1740இல் வெளிவந்த தொமஸ் டில்வேத்தின் எழுத்துக்கூட்டல் நூல் இங்கிலாந்திலும் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் நெடுங்காலம் பயிலப்பட்டது. ஈருயிர்க்கு இடைப்பட்ட மெய் பின்னுயிரோடு சேரும் என்பது அந்நூலார் கைக்கொண்ட பழைய விதி. அதன்படி 'ஹபிட்' என்னுஞ் சொல் 'ஹ-பிட்' எனவும், 'க்ளஸ்டர்' என்பது 'க்ள-ஸ்டர்' எனவும் பிரிக்கப்பட்டன. 'ஷன்' என ஓரசையாக ஒலிக்கும் ஈறு, ஏட்டில் ஈருயிர் இருத்தலால், ஈரசையாக எண்ணப்பட்டது.

இம்முறையை எதிர்த்தவர் நோவா வெப்ஸ்டர். 1783இல், அமெரிக்கா விடுதலை பெற்ற காலத்தில், இருபத்தைந்து வயதளவினரான அப்பள்ளியாசிரியர் தம் எழுத்துக்கூட்டல் நூலை ஹாட்போட் நகரில் வெளியிட்டார். பிள்ளை வாயினால் எவ்வாறு ஒலிக்கின்றதோ அவ்வாறே ஏட்டிலும் சொல்லைப் பிரித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அழுத்தம் பெற்ற குற்றுயிர், தன்னை அடுத்த மெய்யைத் தன்னோடு பற்றிக்கொள்ளும். ஆதலின் 'ஹப்-இட்', 'க்ளஸ்-டர்' எனப் பிரித்தலே இயல்பு என்றார். 'ஷன்' ஓரசையே எனவும் நிறுவினார். சொற்களை அசைத்தொகையாலும், அழுத்தம் வீழும் இடத்தாலும் வகுத்து அட்டவணைகளாக அமைத்தார். முதலசையில் அழுத்தமுடைய ஈரசைச் சொற்களின் அட்டவணையில் முதலில் நின்ற சொல் 'பே-கர்' என்பது. ஒரு பிள்ளை 'பேகர்' வரை எட்டிவிட்டது என்பது அந்நாட்டில் ஓரசைச் சொற்களைக் கடந்து முன்னேறியதைக் குறிக்கும் வழக்காகவே ஆயிற்று. நீலநிற அட்டையாற் பெயர்பெற்ற அச்சிறுநூல், தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பிள்ளைகளின் முதனூலாக விளங்கியது.

செவிவழிப் பிரிப்புக்கும் சொல்லின் ஆக்கவழிப் பிரிப்புக்கும் இடையே தோன்றிய இவ்வேறுபாடு இன்றும் முற்றாகத் தீர்ந்திலது. அறிவு என்னும் பொருளுடைய 'நொலெஜ்' என்னும் சொல்லை அமெரிக்க அச்சகத்தார் உச்சரிப்பை நோக்கி 'லகர' மெய்க்குப் பின்னர் பிரிப்பர்; பிரித்தானிய மரபோ 'அறி' என்னும் பொருளுடைய அடிச்சொல் சிதையாவண்ணம் அம்மெய்க்கு முன்னரே பிரிக்கும். 'ஹெலிகொப்டர்' என்பது கிரேக்கத்திற் சுருள் என்னும் பொருளுடைய சொல்லும் சிறகு என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்தது. பிறப்பை நோக்கின் 'ஹெலிகொ-ப்டர்' எனப் பிரித்தல் தகும். ஆயின் மக்கள் 'ஹெ-லி-கொப்-டர்' என்றே ஒலிக்கின்றனர். அதனின்றும் 'கொப்டர்' எனத் தனிச்சொல்லொன்றும் பிறந்தது. வாழும் மொழியில் இறுதியாக வெல்வது செவியே என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

அகராதிகளின் பங்கு அடுத்து நோக்கத்தக்கது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் பேரகராதி சொற்களின் அழுத்தத்தைக் குறியிட்டுக் காட்டியது. ஆயின் அசைதோறும் ஒலியை விளக்க முயலவில்லை. 1773இல் வில்லியம் கென்றிக் தம் அகராதியிற் சொற்களை உச்சரிப்பின்படி அசையசையாகப் பிரித்து, உயிரொலிகளின் வேறுபாட்டை எண்களாற் குறித்தார். 1780இல் தொமஸ் ஷெரிடனும், 1791இல் ஜோன் வோக்கரும் உச்சரிப்பு அகராதிகளை வெளியிட்டனர். இவ்விருவரும் நாடகமேடையில் நடித்துப் பழகியவர்கள் என்பது கருதத்தக்கது. சொல்லின் ஓசையை அவைக்கு எட்டச் செய்தலே அவர்கள் தொழிலாக இருந்தது.

இவ்வகராதிகள் பெருக விற்பனையானமைக்குக் கல்வி ஆர்வம் மட்டும் காரணமன்று. இலண்டன் மேன்மக்களின் உச்சரிப்பே உயர்வென மதிக்கப்பட்ட காலம் அது. ஸ்கொத்லாந்தினரும் அயர்லாந்தினரும், கல்வியிற் சிறந்தாரேயாயினும், நாவினால் இனங்காணப்பட்டு இகழப்படுவர் என அஞ்சினர். 1761இல் ஷெரிடன் எடின்பரோ நகரில் உச்சரிப்புப் பற்றி விரிவுரைகள் நிகழ்த்தியபோது அந்நகரத்துப் பெருமக்கள் திரண்டு சென்று கேட்டனர். அயர்லாந்திற் பிறந்த ஒருவர், இங்கிலாந்தின் மொழியை எவ்வாறு ஒலித்தல் வேண்டுமென ஸ்கொத்லாந்தினர்க்குக் கற்பித்த காட்சி அக்கால நிலையை நன்கு விளக்கும். வோக்கரும் தம் அகராதியின் முகப்பில் ஸ்கொத்லாந்தினர், அயர்லாந்தினர், இலண்டன் மாநகரின் எளிய மக்கள் ஆகியோர் தத்தம் குறைகளைத் திருத்திக்கொள்ளும் விதிகளைத் தனியே வகுத்தார். ஆங்கில அழுத்தம் பற்றிய அச்சம் கடல் கடந்து வாழ்வோர்க்கு மட்டும் உரியதன்று. அம்மொழி பிறந்த தீவிலேயே அது தோன்றிற்று.

அவ்வச்சத்திற்கு அடிப்படையான 'சரியான உச்சரிப்பு' என்பது நிலையானதா என ஆராயின், அதுவும் மாறிவந்தமை புலனாகும். மேன்மாடத்தின் முகப்பைக் குறிக்கும் 'பல்-க-னி' என்னுஞ் சொல் இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை கற்றோர் அதன் இரண்டாம் அசையையே அழுத்தினர். 1763 முதல் 1855 வரை வாழ்ந்த புலவர் சாமுவேல் றொஜர்ஸ், தம் முதுமையில் இளந்தலைமுறையினர் முதலசையை அழுத்தக் கேட்டு மிக வருந்தினார். 'கொன்-டெம்-ப்ளேட்' என்பதன் இரண்டாம் அசையை விடுத்து முதலசையை அழுத்துதலும் அவர்க்கு ஒவ்வாததாயிற்று. அவர் வெறுத்த உச்சரிப்புக்களே இன்று செம்மையான வழக்காகிவிட்டன. ஆய்வுகூடத்தைக் குறிக்கும் 'லபோறட்டறி' என்னுஞ் சொல்லின் இரண்டாம் அசையைப் பிரித்தானியரும், முதலசையை அமெரிக்கரும் இன்று அழுத்துகின்றனர். விளம்பரத்தைக் குறிக்கும் 'அட்வேட்டிஸ்மென்ட்' என்பதில் பிரித்தானியர் இரண்டாம் அசையை அழுத்த, அமெரிக்கர் மூன்றாம் அசையைப் பெரும்பான்மையாக அழுத்துகின்றனர். இவற்றுள் ஒன்றைப் பிழையென்று தள்ளுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

ஆயின், மாறுவன சில. மாறாத நெறியும் உண்டு. அதனை உணர்த்த ஒரு சொல்லின் பிறப்பே போதும். 1839ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆந் திகதி, வானியல் அறிஞர் ஜோன் ஹெர்ஷல் இலண்டன் றோயல் கழகத்தின் முன்னர் வாசித்த கட்டுரையில், ஒளியினால் உருவம் பதிக்கும் புதுக்கலைக்கு ஒளி, வரைவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களாலாய பெயரை ஆண்டார். 'ஃபோ-ட-க்ராஃப்' என்னும் பெயரில் முதலசை அழுத்தம் பெறும். 'ஃப-டொ-க்ர-ஃபி' என்னும் கலைப்பெயரில் அது இரண்டாம் அசைக்குச் செல்லும். 'ஃபோ-ட-க்ரா-ஃபிக்' என்னும் பெயரடையில் மூன்றாம் அசையை அடையும். அழுத்தம் பெயருந்தோறும் உயிரொலிகளும் மாறுதலை இங்கே காணலாம்: எடுத்தொலிக்கப்பட்ட உயிர் நிறைந்தும், ஏனையது மழுங்கியும் ஒலிக்கின்றது. அசையெல்லையைத் தெளிவாகக் காட்டற்பொருட்டே ஈண்டுத் தமிழ் மரபுக்கு மாறாக மெய்கள் சொன்முதலிலும் அசைமுதலிலும் மயங்க எழுதப்பட்டன. இச்சொற்கள் அன்றுவரை வழக்கில் ஊன்றாதவை. எனினும் 'ஜி-யொ-க்ர-ஃபி', 'ஜி-ய-க்ரா-ஃபிக்' போன்ற பழஞ்சொற்களின் அச்சிலேயே அவை ஒலிக்கப்படலாயின. விதியொன்று இல்லையேல் புதுச்சொல்லொன்று பழஞ்சொல்லின் வழியே இயங்குதல் இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சி அறிவியல் முறையில் வளர்ந்தது. 1917இல் டானியேல் ஜோன்ஸ் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி, 1886இல் நிறுவப்பட்ட அனைத்துலக ஒலியியற் கழகத்தின் குறியீடுகளைப் பயன்படுத்தியது. அதன்கண் அழுத்தக்குறி அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே இடப்படும். பழைய அமெரிக்க அகராதிகளிலோ அக்குறி அசைக்குப் பின்னே இடப்பட்டது. இவ்வேறுபாட்டை அறியாது அகராதி பார்ப்போர் அடுத்த அசையை அழுத்திப் பிழைபடுவர். ஆதலின் அகராதியின் முகப்புரையை முதலில் வாசித்தல் நன்று. 1968இல் நோம் சொம்ஸ்கியும் மொறிஸ் ஹாலேயும் ஆங்கில ஒலியமைப்புப் பற்றி வெளியிட்ட நூலில், ஆங்கிலச் சொல்லழுத்தத்தின் பெரும்பகுதி இலத்தீன் விதியை ஒத்த பொதுவிதிகளால் விளக்கப்படும் எனக் காட்டினர். அவர்கள் வகுத்த விதிகள் பின்வந்தோராற் பலவாறு திருத்தப்பட்டனவாயினும், ஆங்கில அழுத்தம் விதியற்றது என்னும் கூற்று அதன்பின் வலுவிழந்தது.

அச்சுக்கூடத்தின் பழைய இடர்ப்பாடும் கணினியின் வருகையோடு புதுவடிவம் பெற்றது. 1983இல் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் பிராங்கிளின் லியாங் என்பார், கணினி தானாகவே சொற்களைப் பிரிக்கும் முறையொன்றைத் தம் ஆய்வேட்டில் வகுத்தார். டொனால்ட் நூத் உருவாக்கிய அச்சுக்கோப்பு நிரலில் அம்முறை கையாளப்பட்டது. 4447 எழுத்துக்கோவைகளைக் கொண்டு, ஓர் அகராதியிலுள்ள பிரிவிடங்களுள் 89 விழுக்காட்டினை அது கண்டறிந்தது. அம்முறைக்குப் புறம்பாகத் தனியே குறிக்கப்பட்ட சொற்கள் 14 மட்டுமே. அவற்றுள் 'பிறெசென்ட்', 'புறொஜெக்ட்' என்பவையும் அவற்றின் மற்றை வடிவங்களும் உள. இவை பெயராங்கால் முதலசையிலும் வினையாங்கால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் பெறுவன. அழுத்தம் மாறின் பிரிவிடமும் மாறும். பெயரோ வினையோ என அறியாத கணினி அவற்றைப் பிரித்தல் இயலாது. ஆதலின் பிரியாது விடுத்தலே நன்றெனக் கொள்ளப்பட்டது. அழுத்தம் அறியாதார்க்கு அசைப்பிரிப்பு முற்றுப்பெறாது என்பதனை, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வெப்ஸ்டர் பள்ளிப்பிள்ளைகளிடத்துக் கண்டார். கணினியும் அதனையே உறுதிப்படுத்தியது.

இவ்வரலாற்றினின்றும் மாணவர் கொள்ளத்தக்க நடைமுறை யாதெனின், நெடுஞ்சொல்லைத் தலையிலிருந்து அன்றி ஈற்றிலிருந்து ஆராய்தல். ஆங்கிலத்தின் மிக நீண்ட சொற்களுள் ஒன்றாக எடுத்துக்காட்டப்படும் 'அன்ரிடிசெஸ்டாப்ளிஷ்மென்டேறியனிசம்' என்பதனை நோக்குக. இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசு அளித்த நிலையை நீக்குதல் கூடாது என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொள்கையைக் குறிப்பது இது. ஆங்கிலத்தில் 28 எழுத்துக்களும் பன்னிரண்டு அசைகளும் உடையது. ஈற்றிலுள்ள 'இசம்' அழுத்தத்தைப் பெயர்ப்பதன்று. ஆதலின் அதனை நீக்குக. எஞ்சிய பகுதி 'இயன்' என முடிகின்றது. 'இயன்' தனக்கு முந்திய அசையை அழுத்தச் செய்வது. ஆதலின் 'டேர்' என்னும் எட்டாம் அசையே தலைமை அழுத்தம் பெறும். அதற்கு முன்னுள்ள அசைகளில் இடையிட்டு இரண்டாந்தர அழுத்தங்கள் வரும். இவ்வாறே 'எக்-சா-மி-னே-ஷன்' என்பதில் 'ஷன்' என்பதற்கு முந்திய நான்காம் அசை தலைமை பெற, இரண்டாம் அசை துணையழுத்தம் பெறுகின்றது. 'றெஸ்-பொன்-சி-பி-லி-டி' என்பதில் 'இட்டி' என்னும் ஈறு நான்காம் அசையை எடுத்தொலிக்கச் செய்கின்றது. விகுதிகள் ஏறத்தாழ இருபதை அறிந்த மாணவர், முன்னர்க் கண்டிராத நெடுஞ்சொற்களுட் பெரும்பாலனவற்றை ஐயமின்றி ஒலித்தல் கூடும். எஞ்சும் சிலவற்றிற்கு அகராதி துணைபுரியும்.

இக்கல்வியின் பயன் உச்சரிப்பு ஒன்றோடு அமைவதன்று. ஒரு சொல்லின் ஈற்றை நோக்கி அதன் அழுத்தத்தை உணருங்கால், அச்சொல் சக்சனியர் குடியிருப்பிற் பிறந்ததோ, நோர்மானியர் மன்றத்தில் வழங்கியதோ, மறுமலர்ச்சிக் கால அறிஞரின் ஏட்டிலிருந்து வந்ததோ என்பதும் உடன் புலனாகும். அவ்வாறு அறிந்தார்க்கு அயன்மொழியின் நெடுஞ்சொல் அச்சந்தரும் பொருளாகாது. ஒருவர் ஓரசையை மாற்றி ஒலித்தாரெனின் அவரை இகழ்தலும் தகாது. றொஜர்ஸ் வருந்திய பிழை இன்றைய செம்மையாகிவிட்டதனை நினைவுகூர்தல் நன்று. நேர், நிரை என அலகிட்டுச் செய்யுளின் ஓசையை ஆராய்ந்த பரம்பரையில் வந்தோர், பிறமொழியின் ஓசையையும் அவ்வாறே அலகிட்டு அறிதற்குரிய ஆற்றலை இயல்பாகவே பெற்றுள்ளனர். அவ்வாற்றலைப் பயன்படுத்துவதற்கு வேண்டுவன செவியைக் கூர்மையாக்கலும், சொல்லின் வரலாற்றை உசாவுதலுமேயாம்.